வாந்தி என்றாலே மசக்கைதானா

பெப்ரவரி 10, திங்கள்

காலையில் கடும் பனி. புல்லெல்லாம் உப்புத் தூவியது போல் வெள்ளை. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

நுவரெலியா கிளினிக்கில் டாக்டர் எழுதிவைக்கச் சொன்னார். என்றைக்குத் தலைவலி, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், தூக்கம் எப்படி, வயிறு எப்படி. அடுத்த முறை கொண்டுபோக வேண்டும். சரி. த.வ. என்றால் தலைவலி. வா. என்றால் வாந்தி. வ. என்றால் வயிறு.

த.வ.: ஆம். இடது பக்கம். எழுந்தபோதே கண்ணோரத்தில் அந்த மினுக்கம், உடைந்த கண்ணாடி வெயிலில் கிடப்பது மாதிரி.
வ.: நேற்றிலிருந்து கல். எதுவும் கீழே இறங்கவில்லை.
சாப்பிட்டது: அரை ரொட்டி, கொஞ்சம் சம்பல்.
வா.: இரண்டு முறை.

அந்த இரண்டாவது முறைதான் வினை.

எனக்கு வேலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளை நானும் செல்வியும் பார்த்துக்கொள்கிறோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கருகிய பால் வாடை. வெளியே ஓடினேன். பின்பக்கம் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறேன், பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த கோகிலா சரியாக அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறாள்.

“புவனாக்கா! எத்தன நாளு தள்ளிப் போயிருக்கு?”

“தலவலி கோகிலா.”

“ஆமாமா. எனக்கும் மூத்தவனுக்கு மொதல்ல தலவலிதான்.”

சிரிப்பு வேறு. கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டாள். மத்தியானத்துக்குள் கொழுந்து பறிக்கிற எல்லா நிரைக்கும் தெரிந்திருக்கும்.

கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. ஆகவே நான் தும்மினாலும் ஊருக்கு ஒரு கணக்கு. அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்தத் தலைவலி வந்தால் இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வந்துவிடும். தவறியதே இல்லை. ஊர் என் வாந்தியைப் பார்த்து ‘ஆமாம்’ என்கிறது. எனக்கோ அதுதான் ‘இல்லை’. மற்றவர்கள் நாள் தள்ளிப்போகிறதா என்று பார்த்துக் காத்திருப்பார்கள். எனக்கு முன்கூட்டியே தலையிலேயே சொல்லிவிடுகிறது.

இதை டாக்டருக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது?

பெப்ரவரி 11, செவ்வாய்

வெயில் நல்ல வெயில். எனக்குத்தான் ஆகவில்லை. த.வ. தொடர்கிறது. மாத்திரை இரண்டு. வ. எரிகிறது.

அத்தைக்குச் செய்தி எட்டிவிட்டது. அத்தை என்றால் என் வீட்டுக்காரர் தயாவின் அம்மா. ஓய்வுபெறும்வரை கொழுந்து பறித்தவர். வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் எங்களோடுதான் இருக்கிறார். நேராக எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் வாளியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் அவித்த முட்டை. பிறகு அடுப்பில் கருவாடு.

“வாய்க்கு ருசியா இருக்கும்.”

லயத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தால் ஓடி ஒளிய இடம் ஏது? வாசல் சாக்கடைக் கானோரத்துக்குப் போவதற்குள் வந்துவிட்டது. முதுகில் கை. அத்தை தடவிக்கொடுக்கிறார். திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் வெளிச்சம்.

“எடு, எடு. நல்லா எடு.”

நான் வாந்தி எடுப்பதை இவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்ததில்லை.

“அத்தை, இது தலவலி. கிளினிக்குக்குப் போறேன்ல, அதே தலவலி.”

“நான் ஒண்ணுமே கேக்கலயே ஆயி.”

தயா லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். உடப்புசல்லாவைப் பக்கத்து லீக்ஸ், கரட் எல்லாவற்றையும் நுவரெலியா மார்க்கெட்டுக்கு ஏற்றுகிற லொறி. எனக்குத் தலைவலி வந்தால் போதும், இவருக்கு லொறி அழுக்காகிவிடும். தகரத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம் என் மண்டைக்குள் அடிக்கிறது. அதைச் சொன்னால், “சரி சரி, மெதுவா ஊத்துறேன்.” கழுவாமல் இருக்கலாம் என்று தோன்றவே தோன்றாது.

பெப்ரவரி 13, வியாழன்

வந்துவிட்டது. காலையில், வேலைக்குக் கிளம்பும்போது.

தலைவலி விட்டுப்போயிற்று. எப்போதும் போல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற மாதிரி. உடம்பு பஞ்சு. வயிறு மட்டும் இப்போது மறுபக்கம், கழிவறைக்கும் வாசலுக்குமாக நடை.

நிச்சயமாகத் தெரிந்திருந்தும் ஏன் அழுதேன்? தெரியவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். செல்வி பார்த்துவிட்டாள். தொட்டில் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கோகிலாவின் கடைக்குட்டி. ஆட்டினேன். தூங்கினான்.

சாயந்திரம் தயாவிடம் சொன்னேன்.

“அம்மாகிட்ட சொல்லிருங்க.”

“சொல்றேன்.”

“இன்னிக்கே.”

“ரெண்டு நாளு போகட்டுமே புவனா. அம்மா பாட்டுப் பாடிக்கிட்டு வேல செய்றாங்க. கவனிச்சியா? நான் சின்னப் புள்ளையா இருக்கையில கேட்டது.”

கவனித்தேன். அடுப்படியில் முணுமுணுவென்று ஏதோ தாலாட்டு. அதைக் கேட்டபிறகு நானும் வாயைத் திறக்கவில்லை. அதனால் இவர் மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. அதுவும் எரிச்சல்.

இந்த வாரம் கிடைத்த வைத்தியங்கள்: கொத்தமல்லி அவித்த தண்ணீர். நெற்றியில் சுக்குப் பத்து. வாழைப்பழம் சாப்பிடு. வாழைப்பழம் சாப்பிடவே கூடாது. காலையில் தலைக்குக் குளி. தலைக்குக் குளிக்கிறதால்தான் வருகிறது. கோகிலாவின் மாமியார்: “கல்யாணத்துக்கு முந்தி போன்ல நெறையப் பேசியிருப்ப.” போனில் தேடினால் அது ஒரு பக்கம். பழைய சீஸ், சிவப்பு வைன் இரண்டையும் தவிர்க்க வேண்டுமாம். தவிர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், பிறந்ததிலிருந்து.

தேத்தண்ணீரைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நான் இருப்பது எங்கே என்று கேட்டுவிட்டே சொன்னார்.

பெப்ரவரி 14, வெள்ளி

மிட்வைஃப் மிஸ்ஸி பிள்ளைக்காம்பராவுக்கே வந்துவிட்டார். கையில் பை, பையில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அட்டை. சிங்கள மிஸ்ஸிதான், ஆனால் எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார்.

“புவனா, ஏன் எனக்குச் சொல்லல்ல? மூணு மாசம் ஆகுறதுக்குள்ள பதியணும்தானே?”

“மிஸ்ஸி, நான் மாசமா இல்ல.”

“எல்லாரும் சொல்றாங்களே.”

“எல்லாருக்கும் போட்டுக் குடுங்க மிஸ்ஸி அட்டை.”

சொல்லியிருக்கக் கூடாது. நல்ல மனுஷி. சிரித்துவிட்டு, பேனாவை மூடினார். “தலைக்கு ஒழுங்கா மருந்து எடுக்கிறீங்களா?” என்றார். இந்த வாரம் முழுக்க என் தலையைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள்.

வீட்டுக்கு வந்தால் அத்தை திருஷ்டி கழிக்கத் தயாராக இருக்கிறார். உப்பு, காய்ந்த மிளகாய், தெருமண். சுற்றி நெருப்பில் போட்டார். நெடி வந்தால் கண் படவில்லையாம், வராவிட்டால் கண் பட்டிருக்கிறதாம். நெடி வந்தது. லயமே இருமியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில்.

“அத்தை, ஒண்ணு சொல்லணும்.”

“நெடி அடங்கட்டும் ஆயி.”

அடங்குவதற்குள் பக்கத்துக் காம்பரா ஆட்கள் வந்துவிட்டார்கள். சொல்லவில்லை. தயா வந்தார். அவரும் சொல்லவில்லை. லொறி இன்றைக்கு ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. ஆகவே டயரில் காற்றுப் பார்த்தார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

இதை எழுத எனக்குப் பொறுமை வேண்டும்.

காலையில் மூடுபனி. எழுந்தபோதே மறுபடியும் மினுக்கம். ஒரு வாரத்துக்குள் இரண்டாவது. தூக்கமில்லை, நேற்று ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, வராமல் என்ன செய்யும்? ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளறையில் கிடந்தேன். அத்தை எட்டி எட்டிப் பார்த்தார். “படு, படு” என்றார். இரண்டு தேங்காய் உடைக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை எதற்கு இரண்டு தேங்காய் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வேன் ஹோர்ன். இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து டிரைவர் அடித்தான்.

உடப்புசல்லாவையிலிருந்து சின்னத்தை. அத்தையின் தங்கை. கூட அவர் வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பெண்கள். தட்டில் ஆப்பிள், தோடம்பழம், லட்டு. மேலே பச்சைக் கண்ணாடி வளையல். அத்தை போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். தயாவுக்குத் தெரியும், காலையில்தான் தெரியுமாம். காலையில் தெரிந்தால் காலையில் சொல்லலாம் அல்லவா?

“எங்க நம்ம மருமக? வெளிய வரச் சொல்லுங்கக்கா.”

வெளியே வந்தேன். வெளிச்சம் கண்ணுக்குள் ஊசி. லட்டு நெய் வாடை. எல்லோரும் சிரிக்கிறார்கள். சின்னத்தை என் கையைப் பிடித்து, விரல்களை ஒடுக்கி, வளையலை ஏற்றத் தொடங்கிவிட்டார். கணுவில் இறுக்கம். அத்தை பக்கத்தில் நின்று என் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தார், உடைந்துவிடக் கூடாத ஏதோ ஒன்றைத் தாங்குகிற மாதிரி.

“சின்னத்தை, நில்லுங்க. நான் மாசமா இல்ல.”

“என்னம்மா?”

“மாசமா இல்ல. வியாழக்கிழமையே தூரமாயிட்டேன்.”

“வாந்தி எடுத்தியாமே?”

“தலவலிக்கு எடுத்தேன். இப்பவும் எடுக்கப்போறேன்.”

வேன் டிரைவர்கூட வெளியே போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அத்தை என் முழங்கையை விட்டார். என்னைப் பார்க்கவில்லை. தயாவைப் பார்த்தார்.

“ஒனக்குத் தெரியுமாடா?”

தயா தரையைப் பார்த்தார். அதைவிடத் தெளிவாக வேறு பதில் கிடையாது.

நான் கானுக்கு ஓடினேன். இந்த முறை முதுகில் கை எதுவும் வரவில்லை. பின்னால் குரல்கள் மட்டும். “அய்யோ பாவம்.” “அஞ்சு வருசமாச்சே.” “உள்ளதச் சொன்னா அக்கா தாங்குவாங்க, இப்பிடி நடுவாசல்ல வச்சா?” நடுவாசலில் வைத்தது நானாம்!

அத்தை எல்லோருக்கும் சோறு போட்டார். கோழிக் குழம்பு, பருப்பு, அப்பளம். யாரும் வேண்டாம் என்று சொல்லாதபடி போட்டார். போகும்போது வளையலைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஆப்பிளை விட்டுவிட்டார்கள்.

பெப்ரவரி 17, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. செல்விக்குப் போன் பண்ணினேன். தனியாக எல்லாக் குழந்தைகளையும் பார்க்கிறாள். அவளுக்கும் என் மேல் எரிச்சல் இருக்கும், காட்டமாட்டாள்.

தோட்டத்து டிஸ்பென்சரி. வயிறு எரிகிறது என்றேன். “கேஸ்ட்ரைட்டிஸ்.” தலை வலிக்கிறது என்றேன். “அதுவும் கேஸ்ட்ரைட்டிஸ்னாலதான்.” தலைக்குக் கொடுக்கிற மாத்திரை வயிற்றை எரிக்கும். வயிற்றுக்குக் கொடுக்கிற மாத்திரை மலத்தைக் கட்டும். மலம் கட்டினால் தலை வலிக்கும். நான் நடுவில் பஸ் ஸ்டாண்ட் மாதிரி நிற்கிறேன், எல்லாம் என் வழியாகத்தான் போய் வருகிறது.

அத்தை பேசவில்லை. என்னிடமும் இல்லை, தயாவிடமும் இல்லை. பாட்டும் இல்லை. ஆப்பிள் தட்டு அப்படியே சாமி மாடத்தின் கீழே.

பெப்ரவரி 20, வியாழன்

கிளினிக். காலை பஸ். வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வந்தது. பொலித்தீன் பை மடியில் தயார். பக்கத்து சீட்டு அம்மா புளிப்பு வாடை அடிக்கிற தேசிக்காய் ஒன்றைக் கையில் திணித்தார். “மோந்துக்கம்மா. எத்தனாவது மாசம்?” நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டாக்டர் இளம் பெண். சிங்களம். தமிழில் கேட்கத்தான் பார்க்கிறார், முடியாத இடத்தில் நான் சிங்களத்துக்கு மாறிக்கொள்கிறேன். எழுதியதைக் கேட்டார். இந்தக் குறிப்புக் கொப்பியை எப்படிக் காட்டுவது, பாதிக்கு மேல் அத்தை கதை? வாயால் சொன்னேன்.

முன்பு கொடுத்த இரண்டு மாத்திரையும் எனக்குச் சரிவரவில்லை. முதலாவதில் சின்ன வயசு மூச்சிழுப்புத் திரும்பி வந்தது. இரண்டாவதில் பகலெல்லாம் தூக்கம், ஒருநாள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே நான் தூங்கி, குழந்தை முழித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று இருக்கிறது என்றார். தலைவலி வராமல் தடுக்க, தினமும்.

“இது நல்ல மாத்திரை. ஆனா இது குடிக்கிற நேரம் பிள்ளை நிக்கக் கூடாது. பிள்ளைக்குக் கூடாது. ஆறு மாசம் குடிச்சுப் பார்ப்போம். அது மட்டும் பிள்ளை தங்காம பாதுகாப்பா இருக்கணும். விளங்குதா?”

விளங்கியது.

“உங்களுக்குப் பிள்ளை வேணும்தானே?”

“வேணும்.”

“அப்ப யோசிச்சுச் சொல்லுங்க. கட்டாயம் இல்ல. வேணாம்னா வலி வரும்போது மட்டும் குடிக்கிறதத் தாறன். ஆனா நீங்க இப்ப அதையே கூடக் குடிக்கிறீங்க. அதாலயும் தலைவலி வரும்.”

தலைவலி மாத்திரையால் தலைவலி. இதைக் கேட்க பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

யோசிக்கிறேன் என்று சொல்லி வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். எதிரே வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி, தயிர்ப் பொட்டலத்தைத் தின்றுகொண்டிருந்தாள். ஐந்து வருடம் மாதாமாதம் காத்திருந்தாயிற்று. மாதத்தில் பாதி நாள் இருட்டறையில். மீதி நாள், அடுத்தது எப்போது என்ற பயத்தில். இந்தத் தலையோடு ஒரு பிள்ளையை யார் தூக்குவது? பொங்கிய பாலுக்கே ஓடுகிறேன்.

திரும்ப உள்ளே போனேன். “அந்த மாத்திரையையே தாங்க” என்றேன். டாக்டர் எழுதத் தொடங்கினார். மாதவிடாய் வந்துபோன நாளை மறுபடி கேட்டார், சோதனை ஒன்றும் செய்யச் சொன்னார், இல்லை என்று உறுதியான பிறகே மருந்துச் சீட்டைக் கொடுத்தார். இல்லை என்று காட்டியதற்கு யாராவது நிம்மதியாகத் தலையாட்டியது இதுதான் முதல் தடவை.

பெப்ரவரி 21, வெள்ளி

மாத்திரையை இன்னும் தொடவில்லை. முதலில் தயாவிடம் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்ல முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் காது. மார்க்கெட்டில் சரக்கு இறக்கிவிட்டு வரும்போது என்னைப் பிள்ளைக்காம்பராவில் ஏற்றிக்கொண்டார். லொறிக்குள் லீக்ஸ் வாடை. கண்ணாடியை இறக்கிவிட்டேன். சொன்னேன்.

“ஆறு மாசமா?”

“ஆறு மாசம்.”

“அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?”

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. “அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்! நீங்க சொன்ன லட்சணத்த வேன்ல வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. ஒங்களுக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லுங்க. தலவலின்னு படுத்தா என்னைக்காவது பக்கத்துல உக்காந்திருக்கீங்களா? லொறி. எப்பப் பாத்தாலும் லொறி. அதுக்குத் தலவலி வந்தா என்ன பண்ணுவீங்க?”

லொறியை ஓரங்கட்டினார். தேயிலைச் சரிவு, கீழே ரோட்டில் யாரோ ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எனக்குப் பயமா இருக்கும் புவனா. நீ சுருண்டு கெடக்கையில மொகமே மாறிப்போயிரும். செத்துக்கித்துப் போயிருவியோன்னு இருக்கும். பக்கத்துல ஒக்காந்தா அழுதுருவேன். அதான் வாளியத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருவேன்.”

ஐந்து வருடம். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை முதல் வருடமே சொல்லியிருந்தால் இவ்வளவு தண்ணீர் செலவாகியிருக்காது என்று சொல்ல வந்தேன்.

“குடி. மாத்திரயக் குடி. புள்ள பொறகு பாத்துக்கலாம்” என்றார். பிறகு, “பொறக்காட்டியும்…” என்று தொடங்கி, கியரைப் போட்டுவிட்டார்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அத்தையிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நேராக எதிரே உட்கார்ந்து சொன்னேன். மாத்திரை, ஆறு மாதம், எல்லாம்.

முறம் நின்றது.

“அஞ்சு வருசம் போச்சு. இன்னும் ஆறு மாசமா?”

“ஆமா அத்தை.”

“தலவலிக்காகப் புள்ளயத் தள்ளிப்போடுறது இந்தத் தோட்டத்துலயே நீ ஒருத்திதான்.”

“இருக்கட்டும்.”

“நாங்கல்லாம் தலவலியில்லாமலா மல ஏறுனோம்? நெத்தியில துணியக் கட்டிக்கிட்டு ஏறுவோம். பேரு கொறஞ்சா, அன்னிக்குச் சம்பளம் போனா, யாரு பதில் சொல்றது?”

“நீங்க ஏறுனீங்க அத்தை. என்னால முடியல.”

வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. உண்மை அவ்வளவுதான். அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். தயா வாசலில் நின்றார். வாளி கையில் இல்லை. உள்ளே வந்து அத்தை விட்டுப்போன அரிசியில் கல் பொறுக்கினார். பாதி கல்லை அரிசியோடேயே சேர்த்துவிட்டார்.

இன்று மாலையே முதல் மாத்திரை.

பெப்ரவரி 27, வியாழன்

நான்கு நாளாக விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது. டாக்டர் சொன்னதுதான், பயப்பட வேண்டாமாம். பசி இல்லை. தேத்தண்ணீர் இரும்பு வாடை அடிக்கிறது. இந்த மலையில் எல்லாரும் தேயிலையால் பிழைக்க, எனக்கு மட்டும் அது துருப்பிடித்திருக்கிறது.

பிள்ளைக்காம்பராவில் வார்த்தை மறந்துபோகிறது. “செல்வி, அத எடு, அது, புள்ள வாயில வக்கிறது…” கரண்டி. கரண்டி என்று வர அவ்வளவு நேரம்.

த.வ.: இல்லை. நேற்றும் இல்லை. நம்பக் கூடாது.

கோகிலா என் வயிற்றைப் பார்த்துப் பேசுவதை இன்னும் விடவில்லை. அவளுக்கு வேன் கதை தெரியும், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும், “ஒரு வேள டாக்டரு தப்பா பாத்திருந்தா?” என்கிறாள். நல்லெண்ணம்தான். நல்லெண்ணம்தான் தாங்க முடியவில்லை.

அத்தை சோறு போடுகிறார், பேசுவதில்லை. ஆப்பிள் ஒன்று அழுகிவிட்டது. மற்றதை வெட்டி லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

மழை. ஒன்றுமில்லை. துணி காயவில்லை. வயிறு பரவாயில்லை, காலையில் இரண்டு தோசை தங்கியது. எழுத ஒன்றும் இல்லாத நாள். எவ்வளவு நல்ல நாள்!

மார்ச் 7, வெள்ளி

த.வ.: ஆம். மாத்திரை பிடிக்க வாரக்கணக்காகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தெரியும். தெரிந்தும் அழுகை வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவோ? வா. ஒரு தடவையோடு நின்றிருக்கிறது.

கோயில் திருவிழா தொடக்கம். விடிந்ததும் ஒலிபெருக்கிக் குழாயை எங்கள் லயத்து முனைக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள், வாய் நேராக எங்கள் ஜன்னலுக்கு. அம்மன் பாட்டு. “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று ஒருவன். ஒவ்வொரு ‘ஹலோ’வும் ஓர் ஆணி. கம்பளி ஜன்னலில், தலையணை காதில். தயா மார்க்கெட்டில். போன் பண்ணினார், “வரட்டுமா?” என்று கேட்டார். முதல் தடவை. வேண்டாம் என்றேன், சரக்கு பாதியில் நிற்கும்.

அத்தை கதவைத் திறந்து பார்த்தார். கதவை மூடினார். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.

பிறகு பாட்டுக்கு நடுவே அத்தையின் குரல். மலையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கூப்பிட்டுப் பழகிய குரல், மைக் தேவையில்லை.

“தம்பி! இந்தக் கொழாய அந்தப் பக்கம் திருப்பு.”

“ஏன் பாக்கியம்மா, சாமி பாட்டுதானே?”

“சாமிக்குக் காது கோயில்ல இருக்கு. எங்க வீட்டு ஜன்னல்ல இல்ல. திருப்பு. மருமக படுத்திருக்கா.”

ஒரு பெண் குரல், கோகிலாவின் மாமியாராகத்தான் இருக்கும். “என்ன பாக்கியம், விசேசமா? மறுபடி வாந்தியாமே?”

பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி. ஆகவே நன்றாகக் கேட்டது. லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

“விசேசமுமில்ல, மண்ணுமில்ல. அவளுக்குத் தலவலி. தலவலின்னா தலவலிதான். மருந்து எடுக்குறா. இனி எவளாவது வயித்தப் பாத்துக் கேட்டா எங்கிட்ட வந்து கேளுங்க, அவகிட்டக் கேக்காதீங்க.”

கம்பத்தில் யாரோ ஏறுகிற சத்தம், கம்பி உரசல். அடுத்த பாட்டு தொடங்கியபோது அது மேல் லயத்துப் பக்கம் போய்விட்டது. எங்கள் பக்கம் வெறும் தவில் அதிர்வு மட்டும்.

செருப்புச் சத்தம் படியேறியது. கதவு கொஞ்சம் திறந்தது, வெளிச்சம் உள்ளே விழாத அளவுக்கு.

“திருப்பிட்டானுங்க. இப்ப மேல் லயத்துக்காரி வந்து கத்துவா, அத நான் பாத்துக்கறேன். கஞ்சி வேணுமா, வேணாமா? ஒரே வார்த்த சொல்லு.”

வேணும் என்றேன்.